உருட்டுமர வீடு: சுவர் எவ்வளவு இறங்கும், எங்கெங்கே இடம் விட வேண்டும்?

புதுமனை:

முழு உருட்டுமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டத் திட்டம். வெளி அளவு 8 மீட்டருக்கு 6 மீட்டர். ஒரே தளம், உள்ளே பாதிக்கு மட்டும் பரண். சுவர் உயரம் 2.5 மீட்டர். மரம் பைன், சராசரி விட்டம் 30 செ.மீ. வெட்டி நாலு மாதம் ஆகிறது, இன்னும் பட்டையோடு கிடக்கிறது.

மரம் காயக் காயச் சுவர் இறங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் 2 செ.மீ. என்கிறார், இன்னொருவர் ஒரு சாண் என்கிறார். கதவு, ஜன்னல், மாடிப்படி, புகைபோக்கி, குழாய் எல்லாம் அதோடு எப்படி ஒத்துப்போகும்? மரம் வெடிப்பதைத் தடுக்க முடியுமா? சூளையில் உலர்த்தி மெஷினில் கடைந்த 20 செ.மீ. மரம் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, வார்னிஷ் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று ஒரு வியாபாரி சொல்கிறார். நம்பலாமா?

வாச்சிக்காரர்:

2 செ.மீ. என்று சொன்னவரை விடுங்கள். சாண் என்றவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

பச்சை மரத்துக்குச் சுவர் உயரத்தில் 6 சதவீதம் இறக்கம் என்று வைத்துத்தான் வரைபடம் போட வேண்டும். 2.5 மீட்டருக்கு 15 செ.மீ. மரத்தின் ஈரம் 19 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு அடுக்கினால் பாதி, அதாவது 3 சதவீதம். நாலு மாதம் பட்டையோடு கிடந்த மரம் பச்சை மரம்தான். சந்தேகமே வேண்டாம், 6 சதவீதம் போடுங்கள்.

காரணம் இது. வெட்டிய மரத்தில் நார்களின் உள்குழியில் இருக்கும் தண்ணீர் முதலில் போகும். அது போகிற வரைக்கும் மரம் சுருங்காது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு, நாரின் சுவரிலேயே ஊறியிருக்கிற தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும். அப்போதுதான் சுருக்கம். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை. பைன் மாதிரி மரங்களில் முழுக்கக் காயும்போது வளையத்தை ஒட்டிச் சுற்றுவாக்கில் 7 சதவீதம் அளவுக்கும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 சதவீதம் அளவுக்கும் சுருங்கும். நீளவாக்கில் 0.1, 0.2 சதவீதம்தான். படுத்திருக்கும் மரம் குறுகும், நிற்கும் மரம் குறுகாது. இந்த ஒரு வரியை மனதில் போட்டுக்கொண்டால் மற்ற விடை எல்லாம் தானாக வரும். சுருக்கத்தோடு, மேலே இருக்கும் எடையில் பொருத்துகள் நசுங்கி அமர்வதும் சேர்ந்துதான் அந்த 6.

கதவும் ஜன்னலும்: திறப்பின் இரு பக்கமும் மரமுனைகளில் மேலிருந்து கீழ்வரை நேர்செங்குத்தாக ஒரு காடி வெட்டுங்கள், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம். அதில் நழுவும்படி ஒரு கட்டையையோ இரும்பு ஆங்கிளையோ இறக்கி, நிலைச் சட்டத்தை அந்தக் கட்டையோடு மட்டும் திருகுங்கள். சட்டத்திலிருந்து சுவர் மரத்துக்கு ஒரு ஆணிகூடப் போகக் கூடாது. சட்டத்தின் தலைக்கும் மேல் மரத்துக்கும் நடுவே இறக்கத்துக்கான இடம் வெறுமையாக இருக்கணும். 2.1 மீட்டர் கதவுத் திறப்புக்கு 12.6 செ.மீ., 13 என்று வையுங்கள். 1.2 மீட்டர் ஜன்னலுக்கு 7.2 செ.மீ.

ஜன்னலுக்கு ஏன் குறைவு? இடைவெளியைத் தீர்மானிப்பது திறப்பின் உயரம் மட்டும்தான். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவர் இறங்கும்போது ஜன்னலும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கதவு தரையில் நிற்கிறது, அதன் தலை என்றைக்கும் அதே உயரத்தில் இருக்கும். ஜன்னல் 90 செ.மீ. மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த 90 காய்ந்ததும் 5.4 செ.மீ. குறையும். இன்றைக்கு ரசமட்டம் பிடித்துக் கதவுத் தலையையும் ஜன்னல் தலையையும் ஒரே கோட்டில் வைத்தால், நாலு வருடம் கழித்து ஜன்னல் கட்டைவிரல் நீளத்துக்குக் கீழே தொங்கும். ஆகவே ஜன்னலை இப்போதே 5 செ.மீ. உயர்த்தி வையுங்கள். முதலில் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியில் அமுங்கிக் கொடுக்கும் கம்பளியோ கண்ணாடிப் பஞ்சோ தளர்வாக வைத்து, வெளியே அலங்காரப் பலகையால் மூடுங்கள். பலகையை மேல் மரத்தில் மட்டும் அடிக்கணும். அது மரத்தோடு இறங்கி நிலைச் சட்டத்தின் முகப்பை உரசிக்கொண்டு போகும். டப்பாவிலிருந்து பொங்கி வரும் நுரையை மட்டும் அங்கே அடித்துவிடாதீர்கள். அது இறுகினால் கல் மாதிரி. மேலிருந்து வரும் எடையை நிலைச் சட்டத்தின் மேல் ஏற்றிவிடும், கதவு சிக்கும், கண்ணாடி விரியும்.

தூண்கள்: பரணைத் தாங்கும் தூண் நிற்கும் மரம், அது குறுகாது. சுவர் 15 செ.மீ. இறங்கினால் பரணின் நடுப்பகுதி மேடாகப் புடைக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு தூணின் அடியிலோ தலையிலோ ஒரு ஸ்க்ரூ ஜாக், அதாவது திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இரும்புத் தாங்கி. இரும்புத் தட்டு 15 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், 10 மி.மீ. கனத்துக்குக் குறையாமல். இல்லாவிட்டால் தட்டு மரத்தில் புதைந்துவிடும். ஜாக்கின் ஓட்டம் முழு இறக்கத்தையும் விட அதிகமாக இருக்கணும். முதல் வருடம் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்: தரையிலிருந்து பரண் உத்திரம் வரைக்கும் சுவர் ஓரத்தில் ஒரு அளவு, தூண் ஓரத்தில் ஒரு அளவு. தூண் பக்கம் 3 மி.மீ. அதிகம் இருந்தால், மரை இடைவெளி 3 மி.மீ. உள்ள ஜாக்கில் ஒரு சுற்று இறக்கினால் போதும். இரண்டாம் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இறக்கத்தில் பெரும்பங்கு முதல் இரண்டு வருடத்தில் நடந்துவிடும், முழுக்க அடங்க மூன்றிலிருந்து ஐந்து வருடம்.

முன்திண்ணைக் கூரையை மறக்கிறவர்கள் அதிகம். அதன் ஒரு ஓரம் சுவரில், மறு ஓரம் தூணில். சுவர்ப்பக்கம் 15 செ.மீ. இறங்கும், தூண் அப்படியே நிற்கும். சாய்வு குறைவாக இருந்தால் ஒருநாள் மழைத்தண்ணீர் வீட்டுப் பக்கமே ஓடி வரும். அந்தத் தூண்களுக்கும் ஜாக் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. படிக்கட்டின் தலையைப் பரணில் கீல் போல அசையும்படி மாட்டுங்கள், அடியைத் தரையில் நழுவ விடுங்கள். உள்தடுப்புச் சுவரை 15 செ.மீ. குட்டையாகக் கட்டி, மேலே வழிகாட்டி முளையோடு விடுங்கள். புகைபோக்கி செங்கல் என்றால் அது இறங்கவே இறங்காது, கூரைதான் அதைச் சுற்றி இறங்கும். அங்கே தகடு இரண்டு துண்டாக இருக்கணும்: கூரையோடு போகும் கீழ்த்தகடு, புகைபோக்கியில் பதிந்து அதன்மேல் கவிழும் மேல்தகடு. இரண்டுக்கும் கவிப்பு முழு இறக்கத்துக்கும் போதணும். பரணுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயில் நழுவும் இணைப்பு, தண்ணீர்க் குழாயில் ஒரு வளையம் தளர்வு.

கூரையின் முக்கோணச் சுவரையும் உருட்டுமரத்தில் எழுப்ப ஆசைப்பட்டால் இன்னொரு கணக்கு இருக்கிறது. சுவர் 2.5, முக்கோணம் 2 என்றால் மோட்டு உயரம் 4.5 மீட்டர், அங்கே இறக்கம் 27 செ.மீ., ஓரத்தில் 15. கூரைச் சாய்வே மாறும், கைமரத்தின் அடி வெளியே தள்ளும். கைமரத்தை மோட்டில் கீல் போலவும் சுவர்த்தலையில் நழுவும் இரும்பிலும் மாட்டினால்தான் தப்பிக்கலாம். முதல் வீடு என்றால் முக்கோணத்தைச் சட்டம் போட்டுப் பலகை அடித்துவிடுங்கள். அதுவே மொத்தமாக இறங்கும், வேலை பாதி.

ஈரமானி:

இறக்கத்துக்கு மேலே போதுமான பதில் வந்துவிட்டது. ஆனால் உருட்டுமர வீடு வீணாகப் போவது இறக்கத்தால் இல்லை, தண்ணீரால். அதைச் சொல்கிறேன்.

பூஞ்சை மரத்தைத் தின்ன ஈரம் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் எத்தனை வருடமானாலும் மக்காது. மழை பெய்து காய்ந்துபோகும் சுவர் பிழைத்துக்கொள்ளும், நனைந்தபடியே இருக்கும் மூலை பிழைக்காது. ஆகவே மருந்தை விட வடிவம் முக்கியம். கூரை சுவரைத் தாண்டி 60 செ.மீ. நீள்வது குறைந்தபட்சம், 90 நல்லது. மூலைகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரமுனைகள் கூரைச் சொட்டு விழும் கோட்டுக்கு உள்ளேயே முடியணும். முனை வழியாகத் தண்ணீர் நீளவாக்கில் உறிஞ்சப்படும் வேகம் பக்கவாட்டை விடப் பல மடங்கு. அழகுக்காகக் கீழ் வரிசை மரங்களைப் படிப்படியாக நீட்டி விடுகிறார்களே, அந்த முனைகள்தான் முதலில் இற்றுப்போகும்.

அடி வரிசை மரம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கூரையிலிருந்து விழும் சொட்டு மண்ணில் தெறித்துச் சுவரில் அடிக்கும் உயரம் அது. சொட்டு விழும் இடத்தில் சரளைக்கல் பரப்பினால் தெறிப்பு குறையும், கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலி வைத்தால் இன்னும் நல்லது. கடைக்காலுக்கும் முதல் மரத்துக்கும் நடுவே ஈரம் ஏறாத விரிப்பு ஒன்று, அதன்மேல் கரையானைத் தடுக்கும் வளைந்த தகடு ஒன்று. தகடு வெளியே சாய்ந்து சொட்டணும். மரத்துக்கு வெளியே தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றால் தண்ணீரை ஏந்தி மரத்தின் அடியில் ஊட்டிவிடும். இந்தத் தப்பை நல்ல கொத்தனார்களும் செய்கிறார்கள்.

வெடிப்பு. தடுக்க முடியாது. சுற்றுவாக்கில் 7, உள்வாக்கில் 4 என்று வாச்சிக்காரர் சொன்ன வித்தியாசம் எங்காவது கிழிந்துதான் தீரணும். எந்த இடத்தில் கிழியணும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். ஒவ்வொரு மரத்தின் முதுகிலும், மேல் மரத்தின் அடியில் வெட்டும் நீளக் காடி மூடப்போகும் இடத்தில், நீளவாக்கில் ஒரு அறுப்பு போடுங்கள், விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. பெரும்பாலான வெடிப்பு அந்த அறுப்பிலேயே விரியும், வெளியே தெரியாது. மீதி வருவதில் கவலைப்பட வேண்டியது மரத்தின் மேல் பாதியில், வானத்தைப் பார்த்து வாய் திறந்திருப்பவை மட்டும். அவை கிண்ணம் மாதிரி தண்ணீர் பிடிக்கும். கீழ்ப்பாதியில் இருப்பதைத் தொட வேண்டாம், அது தானாக வடியும்.

மேல் பார்த்த வெடிப்பு 6 மி.மீ. அகலத்தைத் தாண்டினால் அடைக்கணும். வழி: உள்ளே ஊதித் தூசி எடுத்து, போரேட் (பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும் போரான் உப்பு) கரைசல் ஊற்றிக் காயவிடுங்கள். பிறகு வெடிப்பின் அகலத்தை விடக் கால் பங்கு தடிமன் கூடுதலான நுரைக்கயிற்றை அழுத்தி உள்ளே செருகி, அதன்மேல் இழுபடும் அடைப்புப் பசையை 6 முதல் 10 மி.மீ. தடிமனுக்குப் பூசுங்கள். கயிறு எதற்கு? பசை இரண்டு பக்கச் சுவரிலும் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருக்க. அடியிலும் ஒட்டினால் மரம் அசையும்போது பசை இழுபட வழியில்லாமல் ஓரத்தில் பிய்ந்துவிடும். பிய்ந்த அடைப்பு அடைப்பே இல்லாததை விட மோசம், போன தண்ணீர் வெளியே வராது. புட்டி, சிமென்ட், மரத்தூளும் பசையும் கலந்த குழம்பு எல்லாம் ஒரு வருடத்தில் விட்டுவிடும். அடைப்பு வேலையை முதல் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள், வெடிப்பு விரிந்து முடியட்டும்.

வார்னிஷ் பற்றி வியாபாரி சொன்னது முழுத் தப்பு. மேலே தோல் மாதிரி படியும் எந்தப் பூச்சும் வெளிச்சுவருக்கு ஆகாது. மரம் அசையும், தோல் விரியும், கீறல் வழியே நுழைந்த தண்ணீர் தோலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அடியில் கருப்பாகும், பூச்சு செதில் செதிலாக உரியும், மறுபூச்சுக்கு முன் மொத்தத்தையும் சுரண்டணும். உள்ளே ஊறும், ஆவியை வெளியே விடும் பூச்சு போடுங்கள், அதில் நிறமி இருக்கணும். நிறமற்ற பூச்சு வெயிலை அப்படியே உள்ளே விடும். வெயிலின் புற ஊதா ஒளி நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துத்தான் மரம் சாம்பல் நிறமாகிறது. இழைத்து வழவழப்பான மரத்தை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். அதைவிட மென்மையாகத் தேய்த்தால் மரம் உறிஞ்சாது. மறுபூச்சு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, வெயிலும் சாரலும் அதிகம் வாங்கும் சுவருக்கு அதற்கும் முன்னால். காலண்டர் பார்க்க வேண்டாம், சுவரில் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு இருக்கிறது. ஊறி மரம் கருத்தால் நேரம் வந்துவிட்டது.

புதுமனை:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. இரண்டு சந்தேகம். சூளை மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்த வியாபாரி வரிசைக்கு வரிசை நீள ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் சுவர் அசையவே அசையாது என்கிறார். இன்னொன்று, மின்சார ஒயர் எப்படி?

மோட்டுவளை:

சூளை மரம் நல்ல மரம்தான், விளம்பரம்தான் கெட்டது. இறக்கம் குறையும், இல்லாமல் போகாது. 20 செ.மீ. கனத்துக்கு நடுப்பகுதி வரைக்கும் உலர்த்துவது மெதுவான வேலை, அவசரச் சூளையில் மேல்பகுதி 15 சதவீதமும் நடு 25-க்கு மேலும் இருக்கும். குட்டை முனை ஈரமானி மேல்தோலைத்தான் படிக்கும். நீள முனை, பக்கவாட்டில் உறை போட்டது, அதை 5 செ.மீ. ஆழத்துக்கு அடித்துப் பாருங்கள். அல்லது ஒரு மரத்தைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் உடனே அளவு எடுங்கள், விற்பவர் முன்னாலேயே. சூளையில் ஒரு உருப்படியான நன்மை உண்டு: நடுமரம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் 30 நிமிடம் நின்றால் உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் சாகும்.

ஸ்க்ரூ விஷயத்தில் அவர் சொன்னபடி செய்தால் வீடு கெடும். மரை இரண்டு மரத்திலும் கடித்தால், நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே பூட்டப்பட்டுவிடும். மரம் சுருங்கும், இறங்க வழியில்லாமல் அந்தரத்தில் தொங்கும், வரிசைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். மேல் மரத்தில் ஸ்க்ரூ சும்மா நழுவும் அளவுக்குப் பெரிய துளை போடணும், மரை கீழ் மரத்தில் மட்டும் கடிக்கணும். தலையை ஆழமாகப் புதைக்கணும், மேல் மரம் சுருங்கும்போது தலை முளைத்து அடுத்த வரிசையைத் தூக்கிவிடக் கூடாது. மர முளை போட்டாலும் அதே கதை. துளையின் ஆழம் முளையை விட 3, 4 செ.மீ. அதிகமாக இருக்கட்டும், முளை அடியில் முட்டினால் அதுவும் தூணாகிவிடும். முழு உயரத்துக்கும் ஓடும் நீளக் கம்பி போட்டால் மேலே ஒரு கனமான ஸ்பிரிங் வையுங்கள். சுவர் இறங்க இறங்க அது விரிந்து இறுக்கத்தை விடாமல் பிடிக்கும்.

இறங்கவே இறங்காத ஒரு முறையும் இருக்கிறது, மூலையில் ஒரு மரம் முட்டி நிற்க மற்றது தாண்டிப் போகும், வரிசைக்கு வரிசை மாறும். அதில் 12 மி.மீ. முறுக்குக் கம்பியை 60 செ.மீ.க்கு ஒன்றாக இறுக்கமான துளையில் அடித்து மரங்களை அதே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மரம் தன் நடுவை நோக்கிச் சுருங்கும், இடைவெளி பெரிதாகும். அதை இழுபடும் கலவையால் பூசிவிடுவார்கள். ஜாக், நழுவும் சட்டம் எதுவும் வேண்டாம். ஆனால் வீட்டைச் சுற்றி ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளும் புறமும் பூச்சு. உங்கள் வீட்டுக்கு வரிசைக்கு 28 மீட்டர், 9 வரிசை, இரண்டு பக்கம் என்றால் 500 மீட்டர். திறப்பைக் கழித்தாலும் 400-க்குக் குறையாது. மூன்றாவது வழியில்லை: ஒன்று இறங்க விடுங்கள், இல்லை பூசிக்கொண்டிருங்கள்.

மரக்கணக்கும் சொல்லிவிடுகிறேன். 30 செ.மீ. மரத்தில் 12 செ.மீ. அகலக் காடி வெட்டினால் ஒரு வரிசை ஏறும் உயரம் 27.5 செ.மீ., ஆக 9 வரிசை. காடி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, சுவரின் மெல்லிய இடுப்பு அதுதான். மூலைக்கு மூலை 30 செ.மீ. நீட்டம் சேர்த்து வரிசைக்கு 30.4 மீட்டர், மொத்தம் 274. திறப்பில் மிச்சமாவது அறுவைச் சேதத்தில் போய்விடும், 300 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அடிமரமும் நுனியும் வரிசைக்கு வரிசை மாறி மாறி வரணும், இல்லாவிட்டால் ஒரு மூலை ஏறிக்கொண்டே போகும். பச்சை மரத்தில் 8.6 மீட்டர் நீளம் ஒன்று அரை டன்னுக்குக் கிட்டே. ஆள் பலத்தை நம்பி ஐந்தாவது வரிசைக்கு மேலே ஏற்றாதீர்கள், கிரேன் நாளை முன்பே குறித்துவிடுங்கள்.

ஒயர்: அடுக்குவதற்கு முன்பே ஒவ்வொரு சுவிட்சும் பிளக்கும் எங்கே என்று தாளில் முடிவாகியிருக்கணும். வரிசை ஏற ஏற 35 மி.மீ. துளையை நேர்மேலாகப் போட்டுக்கொண்டே வந்து, அதில் ஒயரைத் தளர்வாக விடுங்கள், விறைப்பான குழாய் வேண்டாம். சுவர் இறங்கும்போது குழாயும் நிற்கும் மரம் மாதிரிதான். கதவுச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் இடமும் தரை ஓரப் பலகைக்குப் பின்னால் இருக்கும் இடமும் ஒயர் ஓடத் தோதானவை. அடுக்கி முடித்த பிறகு ஞாபகம் வரும் பிளக்குக்கு, சுவர்மேல் ஒட்டிய பட்டைக்குழாய்தான் கதி.

வெப்பம் பற்றியும் கற்பனை வேண்டாம். 20 செ.மீ. திட மரம் தடுக்கும் வெப்பம் ஏறக்குறைய 6 செ.மீ. கனிமப் பஞ்சு தடுப்பதற்குச் சமம். மரம் கனமாக இருப்பதால் பகலிரவு ஏற்றஇறக்கத்தை மெதுவாக்கும், அது நிஜம். நாள் முழுக்க ஒரே குளிர் என்றால் அது உதவாது. ஆனால் இந்த வீடுகளில் குளிர் பெரும்பாலும் மரத்தின் வழியாக வருவதில்லை, இடுக்கின் வழியாக வருகிறது. சுவர்த்தலையும் கூரையும் சேரும் கோடு, மூலைப் பொருத்து, ஜன்னல் தலை, இந்த மூன்றிலும் அமுங்கும் பட்டையைக் கட்டும்போதே வையுங்கள். பின்னால் உள்ளே கை நுழையாது.

ஈரமானி:

ஒரு சின்னத் திருத்தம். பூச்சு முறை என்றால் ஓயாத வேலை என்பதுபோல மோட்டுவளை எழுதியிருக்கிறார். இப்போதைய அக்ரிலிக் கலவை, பின்னால் நுரைப்பட்டை வைத்து 6 முதல் 10 மி.மீ. தடிமனில் பூசினால், பல வருடம் இழுபட்டுச் சுருங்கிக் கொடுக்கும். ஒருமுறை பூசிவிட்டு வருடம் ஒருமுறை ஓரம் பார்த்தால் போதும். பழைய சுண்ணாம்பு, சிமென்ட் கலவையோடு அதைச் சேர்த்துப் பேச வேண்டாம்.

மோட்டுவளை:

ஏற்கிறேன், ஓரம் விட்டுப் பிரிந்த இடத்தை உடனே கவனிக்கிறவர்களுக்கு. 400 மீட்டரையும் கண்ணால் பார்த்து நடக்க யாருக்குப் பொறுமை?

பழுதுபார்ப்பவர்:

குடியேறிய பிறகு என்ன என்று யாரும் தொடவில்லை.

முதல் வருடம் ராத்திரியில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். மரம் வெடிப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் அடுப்பையோ ஹீட்டரையோ உடனே முழுவீச்சில் ஓட்டாதீர்கள். மேல்பகுதி மட்டும் வேகமாகக் காய்ந்து வெடிப்பு பெரிதாகும். உள்ளே காற்றின் ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்தில் பிடித்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். உருண்டைச் சுவர் உள்ளே தெரிந்தால் ஒவ்வொரு மரத்தின் மேல்வளைவும் தூசி உட்காரும் அலமாரி, 9 வரிசைக்கும் பெருக்கணும். வீடு இருட்டாகவும் இருக்கும், மரச்சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஜன்னலைத் தாராளமாக வையுங்கள்.

சமையலறை அலமாரியைச் சுவரில் மேலும் கீழும் திருகிவிடுவதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு. மேல் ஆணி ஒரு மரத்தில், கீழ் ஆணி அதற்கு இரண்டு வரிசை கீழே. அந்த இரண்டும் நெருங்கி வரும்போது அலமாரி நெளியும், கதவு பொருந்தாது. மேல் ஆணியை மட்டும் இறுக்குங்கள், கீழே நீள்துளை போட்டு வாஷரோடு தளர்வாக விடுங்கள். குளியலறை ஓடு எந்தக் காலத்திலும் நேராக உருட்டுமரத்தில் ஒட்டக் கூடாது. தரையில் நிற்கும் தனிச் சட்டச் சுவர் ஒன்று, அதன் தலைக்கு மேலே இடைவெளி, அதில் ஓடு.

வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், வீட்டைச் சுற்றி ஒரு நடை. கையில் ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும். அடி இரண்டு வரிசை, மூலை முனைகள், ஜன்னலின் கீழ்மரம், திண்ணைத் தளம் சுவரைத் தொடும் கோடு: இவற்றைத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், இற்றது பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். 1 செ.மீ. தாண்டி சுலபமாக இறங்கினால் செதுக்கிப் பார்க்கணும். வெளிறு (மரத்தின் வெளிப்பகுதி) மட்டும் மக்கி, உள்ளே வைரம் (நடுமரம்) கெட்டியாக இருந்தால் கெட்டதைச் சுரண்டி, போரேட் ஊட்டி, பாதிமர ஒட்டு வைத்துச் சரிசெய்யலாம். எந்த மரமானாலும் வெளிறுக்கு ஆயுள் குறைவு, தேவதாரு என்று பெயர் சொல்லி விற்றாலும் அப்படித்தான். ஒட்டு வைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அதே இடத்தில் அதே வேலை திரும்ப வரும்.

பூச்சியைக் கழிவை வைத்தே அடையாளம் காணலாம். கோதுமை மாவு மாதிரி நைஸான தூள் சின்ன ஓட்டையிலிருந்து கொட்டினால் உளுக்கும் வண்டு. பென்சில் சீவிய மாதிரி துருவல், அதில் செத்த எறும்புத் துண்டுகள் என்றால் மர எறும்பு, அது ஈரமான மரத்தைத்தான் தேடி வரும், அங்கே ஒழுகல் இருக்கிறது என்று அர்த்தம். கம்பஸ் வைத்து வரைந்த மாதிரி 12 மி.மீ. வட்ட ஓட்டை, உள்ளே செங்கோணத்தில் திரும்பினால் தச்சுத்தேனீ. கடைக்கால் சுவரில் மண் குழாய் ஏறினால் கரையான், அன்றைக்கே ஆள் கூப்பிடுங்கள். தூள் பழையதா புதியதா என்று தெரிய, துடைத்துவிட்டுக் கீழே ஒரு கருப்புத் தாள் ஒட்டிவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

சுவர் கழுவ அழுத்தத் தண்ணீர் இயந்திரம் வேண்டாம், நார் எழும்பிப் பஞ்சாகும். குளோரின் கலந்த வெளுப்பானும் வேண்டாம். சோடியம் பெர்கார்பனேட் கரைசல், மென்மையான தூரிகை, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர். இரும்பு ஆணி பட்டுக் கருத்த இடத்துக்கு ஆக்ஸாலிக் அமிலம், கையுறையோடு.

புதுமனை:

ஓரளவு தெளிவு வந்துவிட்டது. பச்சை மரத்தையே வைத்து, இறங்க விட்டுக் கட்டுகிறேன். முக்கோணச் சுவர் சட்டம்தான். இப்போதைக்கு நாளைக்கே செய்ய வேண்டியது என்ன?

வாச்சிக்காரர்:

பட்டை. நாளைக்கே. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவேதான் வண்டு முட்டையிடும், ஈரம் வெளியே போகாது, நீலப்பூஞ்சை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். இருகைப்பிடி இழுப்புக் கத்தியால் உரியுங்கள். சாறு ஓடும் பருவத்தில் வெட்டியதாக இருந்தால் அப்போதே நாடா மாதிரி வந்திருக்கும், இப்போது காய்ந்து ஒட்டியிருக்கும், கொஞ்சம் கஷ்டப்படணும். உள்பட்டையின் பழுப்புத் தோலும் போகணும், அதை விட்டால் பின்னால் பூச்சு ஏறாது.

உரித்த அன்றைக்கே போரேட் கரைசல் இரண்டு தடவை தெளியுங்கள். ஈரமரத்தில் அது தானாக உள்ளே பரவும், காய்ந்த மரத்தை விட நன்றாக. மழை பட்டால் கரைந்து போய்விடும், ஆகவே மேலே தகரம் போட்டு, பக்கவாட்டைத் திறந்து விடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி மூடினால் வெந்துவிடும். தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் கட்டை, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, வரிசைக்கு நடுவே காய்ந்த குறுக்குச் சட்டம். முனைகளில் மெழுகுப் பூச்சு அடியுங்கள், முனை முதலில் காய்ந்து பிளக்காமல் இருக்க.

உரிக்கும்போதே ஒவ்வொரு மரத்தின் அடி விட்டம், நுனி விட்டம், எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று முனையில் மெழுகுப் பென்சிலால் எழுதிவிடுங்கள். இழை முறுக்கிப் போகும் மரத்தைத் தனியாக வையுங்கள், மேலிருந்து கீழே பார்க்கும்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ திருகிக்கொண்டு போவது. அதிகம் முறுக்கியதை ஜன்னல், கதவுக்கு அடியிலும் மேலேயும் வைக்காதீர்கள். வெட்டுப்படாமல் முழுநீளமாகக் கிடக்கும் இடத்தில், மேலே எடை இருக்கும்படி கீழ் வரிசைகளில் போடுங்கள். கடைசி வரிசையில் போட்டால் காயும்போது திருகி மூலைப் பொருத்தைத் தூக்கிவிடும்.